கதவுக்கு இந்தப் பக்கம்

முதல் வருஷம் ஒன்பது பேர்.
அதில் நாற்காலி போட்ட நாங்கள் ஆறு.
மீதி மூவரில் ஒருவர்
மழைக்கு ஒதுங்கியவர்.

ஹெல்வி, உனக்கு இது தெரியாது:
அன்றிரவு கணக்குப் புத்தகத்தில்
ஒன்பதுக்கு முன்னால் ஓர் ஒன்றைப் போட்டேன்.
வராத பத்துப் பேரின் டிக்கெட் காசு
என் பனிக்கால பூட்ஸுக்கு எடுத்து வைத்திருந்தது.
பத்தொன்பதா என்று நீ இரண்டு தடவை கேட்டாய்.
அந்த மார்ச் முழுக்க
என் இடது காலுறை காயவேயில்லை.

கேட்பதற்கு உனக்கு வாய் வராது.
ஆயிரம் பேர் முன்னால் அக்கார்டியனை விரிப்பாய்,
ஒரு நண்பனின் முன்னால்
உள்ளங்கையை விரிக்க மாட்டாய்.
நானோ பகலெல்லாம் தார்த்து நகரப் பேருந்துகளில்
டிக்கெட் பரிசோதகன்.
திட்டு வாங்கிப் பழகிய முகம்.
அதை உனக்குக் கொடுத்தேன்.

உர்மாஸ் மீன் வேனைக் கொடுத்தான்.
வால்கா, வொரு, ரக்வெரே,
போன ஊரிலெல்லாம்
துருத்தியை நீ இழுத்தால்
புகைபோட்ட விலாங்கின் வாசம் எழுந்து
முன்வரிசைக்குப் பசித்தது.
பல் மருத்துவர் பிரெட்
நோயாளி படுக்கும் நாற்காலிக்கு நேர் மேலே
கூரையில் உன் சுவரொட்டியை ஒட்டினாள்.
துளைக்கும் கருவியைக் கையில் பிடித்தபடி
சனிக்கிழமை வருவீர்களா என்று கேட்டாள்.
அவர்கள் சொன்ன 'ஆ'வை
'ஆம்' என்று எழுதிக்கொண்டாள்.
பெரும்பாலும் வந்தார்கள்,
பாதி முகம் மரத்துப்போய்,
கோணலாகச் சிரித்துக்கொண்டு.

பார்னுவில் ஒருவர்.
பெயர் இல்லை, மாதம் ஐந்து யூரோ.
'துருத்தியில் உள்ள ஓட்டைக்கு' என்று ஒரு குறிப்பு.
எந்த இரவில், எந்த வரிசையில் உட்கார்ந்து
அந்த ஓட்டையைக் கேட்டாரோ.
அடைத்தாகிவிட்டது என்று நன்றி எழுதினேன்.
அடுத்த மாதமும் ஐந்து வந்தது:
'அடுத்த ஓட்டைக்கு.'

ஆறு வருஷம்.
நான் நின்றது வாசலில்,
தகர டப்பாவும் தொப்பிகளும் ஈரக் கோட்டுகளுமாக.
உன் பாட்டுகளை நான் கேட்டது
இரண்டங்குல ஓக் மரத்தின் வழியாக.
மரம் சொற்களைத் தானே வைத்துக்கொண்டு
அடிச்சுரத்தை மட்டும் இந்தப் பக்கம் விடும்.
மூன்றாவதாக நீ வாசிப்பாயே,
மெல்ல இறங்கி இறங்கிப் போகும் ஒன்று,
அதை யாரோ திரும்பி வராததைப் பற்றியது என்று
நானே முடிவு செய்திருந்தேன்.
மகளுக்குக் காய்ச்சல் கண்ட இரவுகளில்
சொந்தச் சொற்களை வைத்து முனகியிருக்கிறேன்.
அம்மா எப்போது வருவாள் என்று
அவள் கேட்காத இரவுகள் அவை மட்டும்தான்.

போன சனிக்கிழமை நூற்று நாற்பது இருக்கையும் நிறைந்தது.
நீ ஒரு தடவையாவது உள்ளே போய்த் தொலை என்று
உர்மாஸ் டப்பாவைப் பிடுங்கித் தள்ளிவிட்டான்.
தூண் மறைக்கிற ஓர் ஓரம் கிடைத்தது.
மூன்றாவது பாட்டு தொடங்கியது.

வரி நோட்டீஸைத் தின்றுவிட்ட
ஓர் ஆட்டைப் பற்றிய பாட்டு அது.

எனக்குத் தொண்டை அடைக்கும் இடம் வந்ததும்
சபை மொத்தமும் வெடித்துச் சிரித்தது.
பக்கத்திலிருந்தவர் என் தோளைத் தட்டினார்.
நானும் சிரித்தேன். நல்ல பாட்டுத்தான், ஹெல்வி.
ஆடு அதிகாரியின் தொப்பியை முகரும் இடத்தில்
கண்ணில் தண்ணீர் வந்தது, சிரித்துத்தான்.

இடைவேளையில் வாசலுக்கு வந்துவிட்டேன்.
உர்மாஸ் சில்லறையைத் தப்பாக எண்ணியிருந்தான்.
நூற்று நாற்பது என்று எழுதினேன்.
முன்னாலும் பின்னாலும் எதுவும் சேர்க்கவில்லை.

நீ மறுபடி தொடங்கியபின்
மூச்சிரைக்க ஒரு பெண் வந்தாள்,
தோளில் பனி, கையில் கசங்கிய பத்து யூரோ.
ரொம்பத் தாமதமா என்றாள்.
இடமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
உள்ளே அடிச்சுரம் இறங்கியது.
கோட்டை வாங்கி மாட்டிவிட்டு,
இங்கே காதை வையுங்கள் என்று
கதவில் கீலுக்குக் கீழே, மரம் மெலிந்த இடத்தைக் காட்டினேன்.