வரிக்கு முப்பத்தைந்து எழுத்து

கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி, ஏழாம் லேன், இரவு ஷிஃப்ட்.
ஃபாஸ்டேக் வந்த பிறகு
என் ஜன்னலுக்கு வருவதெல்லாம்
ஸ்கேன் ஆகாத ஸ்டிக்கர்கள்,
ஸ்டிக்கரோடு கோபித்துக்கொண்ட மனுசர்கள்.
மிச்ச நேரத்தில்
மாலி நாட்டுக்காரி ஒருத்தியின் முதல் படத்துக்குத்
தமிழில் சப்டைட்டில் எழுதுகிறேன்.

வரிக்கு முப்பத்தைந்து எழுத்து.
திரையில் இரண்டு நொடி:
தடுப்புக்கட்டை ஏறி
ஒரு லாரியின் மூக்கு நுழையும் நேரம்.

அவள் பெயர் அவா.
எங்கள் மொழியில் அதற்கு ஆசை என்று பொருள் என்றேன்.
லியோனில் பிறந்து
அம்மாவின் ஊரில் கேமரா வைத்தவள்.
கடன் எவ்வளவு என்று கேட்டதற்கு
படத்தைவிட நீளம் என்று பதில் போட்டாள்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை.
பஸ் ஸ்டாண்டில் ரீசார்ஜ் கார்டு விற்கும் அக்கா, ஃபந்தா.
ஊரைவிட்டுக் கிளம்பும் தம்பி, திரிஸ்ஸா.
அவன் போலீஸிடம் பிரெஞ்சு பேசுகிறான்,
அக்காவிடம் பம்பரா,
மூட்டை ஏற்றுகிறவனிடம் இன்னும் ஒன்று.
கைக்கு வந்த ஆங்கிலப் பிரதியில்
மூன்றும் ஒரே வெள்ளை எழுத்து.

எங்களிடமா?
வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ்,
பஞ்சர் கடை அன்வரிடம் உருது,
ஓசூர் தாண்டினால் கன்னடம்.
நாக்கை எங்கே மாற்ற வேண்டுமென்று
நாங்கள் யாரிடமும் படித்ததில்லை.
போலீஸுக்குத் தாலுகா ஆபீஸ் தமிழ் கொடுத்தேன்:
"தங்களது அடையாள ஆவணத்தைச் சமர்ப்பிக்கவும்."
அக்கா தம்பியைக் கூப்பிடும் இடத்தில்
"ஒரேய்" என்று வைத்தேன்.
முனிராஜ் அடிக்கவில்லை.
ஃபிலிம் கிளப் அவனுடையது, புரொஜெக்டரும்.

மாட்டிக்கொண்டது
ஒரு மணி இருபத்தோரு நிமிடத்தில்.
பஸ் நகர்கிறது. ஃபந்தா இரண்டே சொல் சொல்கிறாள்.
நல்லபடியாகப் போ, என்கிறது ஆங்கிலம்.
கிளம்புகிறவனைப் பார்த்து
வெறும் "போ" சொன்னால் இங்கே அது சண்டை.
"போயிட்டு வா" என்றாலோ
வருவான் என்று நானே கையெழுத்துப் போட்டதாகிவிடும்.

எழுதிக் கேட்டேன்: வருகிறானா, இல்லையா?

மூன்றாம் இரவு பதில் வந்தது.
நாகாலாந்து நம்பர் கண்டெய்னர் ஒன்று லேனை அடைத்துக்கொண்டு
பின்னால் பதினாறு வண்டி அலறிய நேரம்.
"திரும்பி வரும் காட்சியை எழுதியிருந்தேன்.
எடுப்பதற்குள் பணம் தீர்ந்துவிட்டது.
அவன் வந்தானா என்று எனக்கும் தெரியாது."

காவேரிப்பட்டணம் ரோட்டில், மாங்கூழ் ஆலை குடோனில் போட்டோம்.
மார்கழி. சீசன் இல்லை.
சிமெண்ட் தரைக்குள் மட்டும் பெங்களூரா மாங்காயின் புளிப்பு.
ஃபோர்க்லிஃப்ட் கொம்பில் கட்டிய வெள்ளைத் துணி.
நாற்பத்தொரு பேர்.
ஃபந்தா என்றதும் பின்வரிசை சிரித்தது,
கூல்டிரிங்க் பெயராம்.
இரண்டு பேர், "ஃபைட்டே கெடையாதா?" என்று எழுந்து போனார்கள்.

அந்த இடம் வந்தது.
"போயிட்டு" என்று மட்டும் வைத்திருந்தேன்.
அதற்கப்புறம் வெறும் தூசி, டயர்த் தடம், அவள் முகம்.
இருட்டில் யாராவது மிச்சத்தைச் சொல்வார்கள் என்றொரு நினைப்பு.
யாரும் சொல்லவில்லை.
யாரோ இருமினார்கள்.

முடிந்ததும் கெம்பம்மா வந்தாள்,
ஆலையில் காய் தரம் பிரிக்கிறவள்.
"அடியில ஒரு எழுத்து விட்டுப்போச்சு, பார்த்தியா?"
ஆமாம், விட்டுப்போச்சு, என்றேன்.
"திருத்திரு."
செருப்பைத் தேடிக்கொண்டே கேட்டாள்:
"அந்த பஸ்ஸு எந்த ஊருக்குப் போவுது?"

ஆயிரத்து நூறு வரி எழுதியிருக்கிறேன்.
பஸ்ஸின் போர்டை எழுதவில்லை.

இப்போது ஏழாம் லேனில்
படத்தை நிறுத்தி, இரண்டு விரலால் விரித்துப் பார்க்கிறேன்.
தூசிக்குப் பின்னால் பாதிப் பெயர்.
ஒரு ஓ. அதற்கு முன்னால் இருப்பது
எழுத்தா, வண்டியின் கீறலா?
அவாவிடம் கேட்க வேண்டும்.
ஜன்னலில் யாரோ
காசால் தட்டுகிறார்கள்.