பயன்பாட்டுத் தடம்

முகமூடியைத் திருப்பித்தான் பார்ப்பேன் முதலில்.
முன்பக்கத்தை டீ டிகாக்‌ஷனில் ஊறவைத்தே
நூறு வயது ஏற்றிவிடுவார்கள்.

கோத்தகிரி. மத்தியானமே விளக்குப் போட்ட வீடு.
எழுபத்தாறில் லாகோஸிலிருந்து வந்ததாம்.
உளித்தடம் புதுசு.
ஓரத் துளைகளில் நார் உரசிய தேய்வே இல்லை.
சுற்றுலாச் சரக்கு,
ஸ்டாண்டோடு சேர்த்து ஆயிரத்து இருநூறு.

ஆனால் உள்ளே, நெற்றி படும் இடத்தில்
வியர்த்துக் கறுத்து மினுங்குகிறது மரம்.
எந்த ஊர் ஆட்டக்காரன்?

"அவர்தான்" என்றார் ஃபிலோமினா டீச்சர்.
"வாதத்துல வாய் கோணினப்புறம்
கேட் சத்தம் கேட்டா
நல்ல கையால இதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் உக்காருவார்.
பதினோரு வருஷம்.
பால்காரனுக்கு மட்டும் முகம் காட்டுவார்."

விலையை மாற்றவில்லை.
'சடங்கில் பயன்பட்டதா?' என்ற கட்டத்தில்
இல்லை என்று எழுதி
அடித்தேன்.