எட்டாவது டேக்

ஹின்ரிக் ஃபோஸ்பெர்க் என்றால் யாருக்கும் தெரியாது.
தாடையைக் காட்டினால்
"அட, அந்த அதிகாரி" என்பார்கள்.

ஷ்வெரின் அரங்கில் அவனது முதல் வேலை
கதவைத் திறப்பது.
இரண்டாம் ஆண்டு, கதவைத் திறந்து
"வண்டி வந்துவிட்டது, பிரபுவே" என்பது.
அந்த மூன்று சொல்லை
ஏரிக்கரை வாத்துகளிடம் நாற்பது விதமாகச் சொல்லிப் பார்த்தான்.
இயக்குநர் கேட்டது நாற்பத்தொன்றாவதை.

பிறகு டிசம்பர்தோறும் கடற்சிங்கம்.
காலை ஒன்பதுக்கு ஓர் ஆட்டம், பதினொன்றுக்கு ஓர் ஆட்டம்.
பள்ளிப் பிள்ளைகள் ஆரஞ்சுத் தோலை எறிந்து
பெயர் சொல்லிக் கத்துவார்கள்
(கடற்சிங்கத்தின் பெயரை).
பஞ்சடைத்த அந்தத் தோலின் ஜிப்பை
பதினேழு டிசம்பர் இழுத்து மூடியவள் நான்.

பெர்லினிலிருந்து வந்த ஒருத்தி
கேன்டீனில் அவன் முட்டைக்கோஸ் சூப் குடிப்பதைப் பார்த்தாள்.
"இந்தத் தாடை எங்களுக்கு வேண்டும்" என்றாள்.
மென்றுகொண்டிருந்தவன் நிறுத்தினான்.
"அப்படியே இருங்கள்" என்றாள்.

அன்று தொடங்கியது சீருடை.
பத்துப் படம், பத்து மேலங்கி,
வசனம் மட்டும் ஒன்றுதான்:
காகிதத்தைக் காட்டு. இறங்கு. வரிசையில் நில்.
எழுபதாவது நிமிடம் பக்கத்தில்
ஏதாவதொரு படிக்கட்டில் சுடப்பட்டு உருளுவான்.
உருளுவதில் கெட்டிக்காரன்.

முதல் படத்துக்கு அவன் அம்மா அல்வினே வந்திருந்தாள்.
அவன் திரையில் வந்ததும் எழுந்து போய்
கோட்டு மாட்டும் இடத்தில் நின்றாள், கடைசிவரை.
வீடு திரும்பும்போது சொன்னாள்:
"நன்றாக நடித்தாய்.
அதுதான்."

ஒரு பிப்ரவரி மாலை, டிராமில்
எதிரில் ஒரு நரைத்த பெண்.
அவனைப் பார்த்தாள்.
கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றி
கைப்பையைத் துழாவி
டிக்கெட்டை எடுத்து நீட்டினாள்.
அவன் எதுவும் கேட்கவில்லை.
என்ன செய்வான்?
வாங்கினான். இரண்டு பக்கமும் பார்த்தான்.
"எல்லாம் சரியாக இருக்கிறது, அம்மா" என்றான்.
வந்தது கடற்சிங்கத்தின் குரல்.
பின்சீட்டில் ஒரு பையன் சிரித்தான்.
அவள் சிரிக்கவில்லை.

பதினொன்றாவது படம்.
ரயில் நிலையம், உப்பைத் தூவிச் செய்த பனி,
பெட்டியும் கையுமாய் ஒரு குடும்பம்.
காகிதத்தை வாங்கிப் பார்த்து
"இறங்கு" என்று சொல்ல வேண்டும்.
"எல்லாம் சரியாக இருக்கிறது" என்றான்.
கட்.
மறுபடி அதே.
ஒளிப்பதிவாளர் சிகரெட்டைப் பற்றவைத்தார்.
சின்னவளாக நடித்த சிறுமிக்குத் தூக்கம் வந்துவிட்டது.
ஏழு முறை அந்தக் குடும்பத்தை
அவன் போகவிட்டான்.

படத்தில் இருப்பது எட்டாவது.

இதையெல்லாம் அவன் என்னிடம் சொன்னது
தோலுக்குள் புகுந்த பிறகு.
மீசைக் கம்பிகள் மட்டும் ஆடின.
எந்த முகத்தோடு சொன்னானோ,
தெரியாது.
வெளியே பிள்ளைகள் தரையை உதைக்கத் தொடங்கியிருந்தார்கள்.
"கெஸினே, கழுத்துகிட்டே இடிக்குது" என்றான்.
கொஞ்சம் தளர்த்தி
ஜிப்பை இழுத்தேன்.