வேற படிவம்

கரடிப்போக்குச் சந்தி, மத்தியான வெயில்,
அருந்தவம் அண்ணையின் போட்டோக்கொப்பிக் கடை.
அறுபத்திநாலு பக்கம்.
நூற்றெண்பது நாள் என் இரத்தத்தில் ஓடிய சீனி:
காலை, மதியம், படுக்கமுன், விடியப்புறம் மூன்று மணி.
பறந்த நாட்களில் பக்கத்திலேயே
உயரம், காற்று, நேரம்.

"என்ன பிள்ளை, பால் கணக்கோ?"
"பிளேன் ஓட்டுற லைசன்ஸுக்கு, அண்ணை."
மெசினின் பச்சை வெளிச்சம்
அவர் முகத்தில் போய்ப் போய் வந்தது.
என்னைப் பார்க்கவில்லை.
கடைக் கூரையை ஒருதரம் பார்த்தார்.

வருத்தம் தொடங்கிய தேதி கேட்டிருந்தது.
செட்டிகுளத்தில், கூடாரத்தில், எனக்கு ஒன்பது வயது.
பௌசருக்காக வாளியோடு நின்ற வரிசையில்
எல்லோருக்கும் தாகம்.
என் தாகம் வேறு தாகமென்று
ஆருக்குத் தெரியும்?
அம்மா தன் பங்கையும் தந்தாள். குடித்தேன்.
மெலிந்தேன். எல்லோரும்தான் மெலிந்திருந்தார்கள்.
விழுந்த நாளைத் தேதியாக எழுதினேன்.
'சூழ்நிலை' என்றொரு கட்டம் இருந்தது,
அதை வெறுமையாக விட்டேன்.

மிச்சம் படிவத்தில் அடங்கியது.
கறண்ட் இல்லாத வீட்டில் ஈரமணல் முட்டிக்குள் இன்சுலின்,
வயிற்றில் நாளுக்கு நாலு ஊசி,
சட்டைப்பையில் பனங்கட்டி.
கை நடுங்கினால் கடிக்கவேண்டும்.
ஆயிரத்தைந்நூறு அடியில் ஒருநாள் கடித்தேன்.
பக்கத்துச் சீட்டில் படிப்பிக்கிறவர்
"எனக்கும் ஒரு துண்டு" என்றார்.

இரத்மலானையிலிருந்து வடக்கே வந்த அன்று
இரணைமடு தகரத்துண்டாய் மினுங்கியது.
எங்கள் வளவைத் தேடினேன்.
கிணறு தெரிந்தது. கொடியில் காய்ந்த சேலை தெரிந்தது.
பங்கர் வெட்டிய இடத்தில் இப்போது நிற்கும்
வாழைகளைக்கூட எண்ணலாம்போல் இருந்தது.
இவ்வளவு வடிவாகவா
எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்?
விரலைக் குத்தினேன்.
நூற்றிப்பன்னிரண்டு. பதிந்தேன்.

கடைசிப் பக்கமும் வந்தது.
அருந்தவம் அண்ணை கட்டைத் தட்டி ஒழுங்காக்கினார்.
மேசையின்கீழ் செயற்கைக் காலை
கையால் தூக்கி மாற்றி வைத்தார்.
பிறகு, வேறு ஆரும் கடையில் இல்லாதபோதும்
குரலைக் குறைத்து,
"கால் இல்லாட்டி விடுவாங்களோ?"

"தெரியாது, அண்ணை.
அதுக்கு வேற படிவம்."

"ம்."

பத்தாம் பக்கம் மங்கல் என்று
இன்னொருதரம் அடித்துத் தந்தார்.
அதற்கும் காசு எடுத்தார்.