ஒன்றுமில்லை என்று சொன்னவன்

ஐலாவுக்குக் காது போன குளிர்காலத்தில்
டுலூத் துறைமுகம் உறைந்து கிடந்தது.
மூளைக்காய்ச்சல். பதினொரு நாள் ஆஸ்பத்திரி.
வீடு திரும்பினாள்.
வாசலில் நான் பனி சுரண்டிய மண்வெட்டி
வாயசைக்கும் மீனைப்போல இருந்ததாம்.

அதன்பின் ஏழு வருடம்
படம் பார்ப்பதென்றால்
அவள் திரையைப் பார்ப்பாள், பிறகு என் வாயை,
பிறகு திரையை.
"என்ன சொன்னான்?"
"ஒன்றுமில்லை."
"எல்லோரும் சிரிக்கிறார்களே?"
"சும்மா. அப்புறம் சொல்கிறேன்."

அந்த அப்புறம் வந்ததே இல்லை.
நான் கெட்டவனில்லை, சோம்பேறி.
இரண்டு மணி நேரப் படத்தை
மூன்று வாக்கியத்தில் கொடுத்தேன்:
அவன் இவளை விட்டுப் போகிறான்.
கொன்றது தம்பிதான்.
முடிந்துவிட்டது, எழுந்திரு.

பழைய டிவியில் எழுத்து வந்துகொண்டிருந்தது, உண்மை.
கூரை ஆன்டெனாவில் செய்தி, வானிலை, ஹாக்கி,
கறுப்புப் பட்டையில் தத்தித் தத்தி வரும்.
மகன் ஆசையாகப் புதுப் பெட்டி வாங்கி வந்தான்,
உள்ளங்கை அளவு, உள்ளே ஆயிரம் படம்.
எழுத்தைக் காணோம்.
எந்த மெனுவில், எந்தப் பொத்தானுக்குப் பின்னால் என்று
மூன்று ராத்திரி தேடினோம்.
கம்பெனிக்கு எழுதினாள். பதில் வந்தது:
'உதவிக்கு எங்களைத் தொலைபேசியில் அழைக்கவும்.'
அதை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள்.
கோபம் குறைகிற நாளில் போய்ப் பார்த்துக்கொள்வாள்.

அவள் கடிதங்களில் கெஞ்சல் கிடையாது.
மளிகைக் கணக்குப்போல இருக்கும்:
சந்தா முழுசு. வந்தது பாதிப் படம்.
மீதியை எந்த விலாசத்தில் வாங்கிக்கொள்வது?

நூலகத்தின் கீழ்த்தளத்தில் பதினான்கு பேர் கூடினார்கள்.
தாதுக் கப்பலில் முப்பது வருடம் நின்று
காதைத் தொலைத்த மெர்வின்,
பிறந்ததிலிருந்தே கையால் பேசும் ஹால்வர்சன் இரட்டையர்,
ஆங்கிலத்தைக் கண்ணால் பிடித்துக் கற்கும் சோமாலியர் வர்சமே,
காது நன்றாகவே கேட்கும் ஒரு பெண்:
குழந்தை தூங்கினால்தான் அவளுக்குப் படம்,
சத்தம் வைத்தால் குழந்தை எழுந்துவிடும்.

கம்பெனி அனுப்பிய ஆள் நல்ல கோட்டு போட்டிருந்தான்.
'மிகச் சிலருக்காக இவ்வளவு செலவு' என்று இழுத்தான்.
இரட்டையரில் ஒருத்தி கையசைத்தாள்,
மொழிபெயர்ப்பாளர் குரல் கொடுத்தார்:
"மேலே ஏறிப் போகும்போது
படிக்கட்டுக் கைப்பிடியைத் தொடாமல் போங்கள்."

தொட்டுக்கொண்டுதான் போனான்.

முதலில் வந்த எழுத்து மகா மோசம்.
இயந்திரம் காதில் விழுந்ததை எழுதியது.
கரையில் காத்திருந்தவள்
கறையில் காத்திருந்தாள்.
கொலைகாரன் முகம் தெரியும் நேரத்தில்
சரியாக அவன் முகத்தின்மேல் நாலு வரி.
போதாததற்கு, [இசை].
என்ன இசை? கல்யாணமா, சாவா?
கேட்டு இன்னொரு கடிதம். இன்னொன்று.
தபால்தலை வாங்கவே தனியாக ஒரு டப்பா வைத்தோம்.

போன மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை.
மொக்கைப் படம், மாமியார் மருமகன் சண்டை.
எழுத்து சுத்தமாக வந்தது,
பேச்சை ஓர் அரை நொடி முந்திக்கொண்டு.
நடிகன் வாய் திறக்குமுன்
ஐலா சிரித்துவிட்டாள்,
சோபா குலுங்க, தேநீர் சிந்த.
நான் பின்னால் ஓடி வந்தேன்.
"என்ன? என்ன?"
"ஒன்றுமில்லை" என்றாள்,
திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஏழு வருடக் கடனில் முதல் தவணை.
வாங்கிக்கொண்டேன்.

அப்போது வெளியே, தூக்குப் பாலத்தடியில்,
பனி உடைந்தபின் முதல் கப்பல் ஊதியது.
அதற்கு யாரும் எழுத்துப் போடவில்லை.
கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் எழுதி நீட்டினேன்:
[கப்பல். ஒன்று நீளம், இரண்டு குட்டை.
பாலம் பதில் சொல்கிறது.]

வாசித்தாள். ஜன்னலைப் பார்த்தாள்.
கப்பல் விளக்கு ஏற்கெனவே ஏரிக்குள் திரும்பியிருந்தது.
"தாமதம்" என்றாள்.
"எழுத்தும் சின்னது."