வெறும் எடை

தலைவர் செத்த அன்று
சாத்தாங்காடு தொடங்கி எர்ணாவூர் வரை
ஷட்டர் இறங்காத கடை இல்லை.
கன்டெய்னர் லாரிகள் போட்டது போட்டபடி நிற்க
டிரைவர்கள் டயர் நிழலில் தூங்கினார்கள்.
நான் மொட்டை போட்டுக்கொண்டேன்.

துளசிங்கம் மட்டும்
பின்வாசல் வழியாக டீ விற்ற கடையில்
கிளாஸை ஆற்றிக்கொண்டே சொன்னான்:
"எனக்கு அழுவ வர்ல.
அவரு எங்க தெருவுக்கு இன்னா செஞ்சாரு?"
யாரோ போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.
பதினேழு விநாடி.

பதினோராம் நாள் கம்பெனிக் கடிதம்.
நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம்.
பொதுமக்களின் உணர்வு.
ஏழு நாட்களுக்குள் விளக்கம்,
அதுவரை தற்காலிகப் பணிநீக்கம்.
பெயரைத் தப்பாக அடித்திருந்தார்கள்:
துளசிலிங்கம்.

பத்தொன்பது வருஷமாக எடைமேடையில் இருப்பவன்.
லாரி ஏறும், எண் ஆடி நிற்கும்,
வெறும் எடையைக் கழித்துவிட்டு
சரக்கை மட்டும் சீட்டில் எழுதுவான்.
ஒரு கிலோ கூட்டி, ஒரு கிலோ குறைத்து
எழுதினான் என்று எதிரிகூடச் சொன்னதில்லை.

பதில் எழுத என்னிடம்தான் வந்தான்.
சங்கத்தில் எழுத்து அழகாக வருவது எனக்கு.
என் தலையைப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை.
முளைத்து வந்த முடி ஹெல்மெட்டுக்குள் அரித்துக்கொண்டிருந்த நாட்கள்.
உன்மேல் கோபம் இன்னும் ஆறவில்லை என்றேன்.
"ஆறாமயே இரு. எழுது."

'வருந்துகிறேன்' என்று ஆரம்பித்தேன்.
"அத்த அடி."
'வாய்தவறி' என்றேன்.
"வாய் எங்கடா தவறுச்சு?"
மணலிச் சிம்னியின் தீ
ஜன்னல் கம்பியில் ஏறி இறங்கியது.

பிறகு அவன் சொல்லச் சொல்ல எழுதினேன்:
அன்று எனக்கு வார விடுமுறை.
போட்டிருந்தது என் சட்டை.
டீக்குக் கொடுத்தது என் காசு.
எட்டு மணி நேரத்துக்குக் கூலி தருகிறீர்கள்;
அந்தச் சம்பளச் சீட்டில்
அழுகைக்கென்று ஒரு வரி இருந்தால் காட்டவும்.

கையெழுத்துப் போட்டுவிட்டு
"யார்டா ஆபீசுக்கு அனுப்பியிருப்பான்?" என்றான்,
சும்மாதான், பேனாவை மூடிக்கொண்டே.

அந்தப் பதினேழு விநாடியை
அன்று ராத்திரியே
நான் நாலு பேருக்கு அனுப்பியிருந்தேன்,
'இவனையெல்லாம்' என்று ஒரு சொல் சேர்த்து.
நாலாவது ஆளுக்கு டைம் ஆபீசில் வேலை.

"ரிஜிஸ்டர் தபால்ல போட்டுடு" என்று
நூறு ரூபாய்த் தாளை நீட்டினான்.
வாங்கிக்கொண்டேன்.

திருவொற்றியூர் தபால் நிலையத் தராசில்
கவர் இருபது கிராமுக்குள் நின்றது.
மிச்சச் சில்லறை
இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.