ஏழா, ஒன்பதா

மாதவரம் ஷோரூமில்
இரண்டு வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.
முகம் ஒன்று. விளக்கு ஒன்று.
முதுகு மட்டும் வேறு.
ஒன்றுக்கு ஏழடித் தொட்டி, ஒன்றுக்கு ஒன்பது.

"என்ன லோடு மேடம் ஏத்துவீங்க?"
டை கட்டிய பையன் கேட்கிறான்.
துரைக்கண்ணு என்னைப் பார்க்கிறார்.
ஃப்ரீசர் பாக்ஸ், என்கிறேன்.
"ஐஸ்கிரீம் பிசினஸா மேடம்?"
ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

பெட்டி ஆறரை அடி.
போன் வந்தால் நான் முதலில் கேட்பது
ஆள் உயரமா.
அடுத்தது, சந்து அகலமா.
பெயர் கேட்பதில்லை,
அது போஸ்டர்காரன் வேலை.

ஏழடியில் பெட்டி படுக்கும்.
பக்கத்தில் ஜெனரேட்டர் ஒண்டிக்கொள்ளும்.
இருபது நாற்காலி ஏறும்,
அதற்குமேல் ஒரு குடம்கூட ஏறாது.
மீதிக்கு இரண்டாம் நடை.
நடுவில் கொருக்குப்பேட்டை கேட் விழுந்தால் போச்சு.
கூட்ஸ் வண்டி ஊர்ந்து போகும்,
ஐம்பத்தெட்டு பெட்டி, எண்ணியிருக்கிறேன்.
கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வாசலில்
சம்பந்தி வீட்டார் நின்றுகொண்டே அழுவார்கள்.

"நின்னுக்கினு அழுதா சீக்கிரம் கெளம்பிடுவாங்க,
நல்லதுதானே" என்கிறார் துரைக்கண்ணு.
நாற்காலி வாடகை என் கணக்கில் வருவது
அவருக்கு வசதியாக மறந்துபோகும்.

ஒன்பதடி என்றால் எல்லாமே ஒரே நடை.
பெட்டி, நாற்காலி, ஷாமியானா, மூங்கில்,
மேலே சாய்ந்து உட்கார சகாயம்.
அப்படி ஒரு நீள வண்டியைப் போன ஆடியில்
வாடகைக்கு எடுத்தோம்.
மூலக்கொத்தளத்தில் சந்து முனையோடு
நின்றுவிட்டது.
நாலு பேர் தோளில் தூக்கி நடந்தோம்,
காலிப் பெட்டியை.
சந்து நெடுகக் கதவு திறந்தது.
யாரோ ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டு
ஆரம்பித்துவிட்டாள்.
பக்கத்து வீட்டில் அடுப்பை அணைத்தார்கள்.
செத்தவரோ இன்னும் ஸ்டான்லியில்
ஒரு கையெழுத்துக்குக் காத்திருந்தார்.

நேற்று ராத்திரி தெரு அடங்கியபிறகு
கோலமாவால் இரண்டு வண்டி போட்டேன்.
தலை இங்கே, தொட்டி அங்கே.
"யார் வூட்டுக்கு?" என்று மாடியிலிருந்து
பதறினாள் ஜெபசெல்வி.
எங்களுக்குத்தான் என்றேன்.
சொன்னபிறகுதான் அது எப்படிக் கேட்டிருக்கும்
என்று உறைத்தது.

பிறகு வண்டி ஓட்டினோம்.
துரைக்கண்ணு முன்னால், சகாயம் பின்னால்,
கையில் ரெண்டு மூங்கில்.
திருப்பத்தில் ஒரு பக்கம் மாதா கெபி,
எதிரே மின்சாரப் பெட்டி.
நீள மூங்கில் மாதாவின் விளக்கைத் தட்டியது.
பின்னால் வந்து திரும்பவும் போனார்கள்.
இந்தத் தடவை மின்சாரப் பெட்டி.
"ரிவர்ஸ், ரிவர்ஸ்" என்று நான் கத்த
ஒரு நாய் நிஜமாகவே ஒதுங்கியது.
கொஞ்சம் வெட்டிய மூங்கில்
எதையும் தொடாமல் திரும்பியது.
சகாயம் வாயாலேயே ஹாரன் அடித்தான்.

தவணையில் மாதம் ஆயிரத்து எழுநூறு வித்தியாசம்.
அதையும் சொல்ல வேண்டும்.
மாதாவை மட்டும் காரணம் காட்டினால் பாவம்.

"எது மேடம் ஃபைனல்?"
சின்னது.
"கலர்?"
வெள்ளை, வேறென்ன.
பின்கதவுச் சங்கிலியை ஓரடி நீட்டித் தர முடியுமா
என்று துரைக்கண்ணு கேட்டுக்கொண்டிருக்கிறார்.
கதவைப் படுக்க வைத்தால்
இன்னும் பத்து நாற்காலி நிற்குமாம்.

முன்பணம் எண்ணும்போது போன்.
தண்டையார்பேட்டை.
பழக்கத்தில் கேட்கிறேன், ஆள் உயரமா?
"பெட்டி வேணாங்க,
பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடுவோம்.
சொந்தம் நெறைய.
சேர் மட்டும் நூத்தம்பது அனுப்புங்க,
ஒரே வண்டில."

பையன் ரசீது நீட்டுகிறான்.
இன்னும் கையெழுத்துப் போடவில்லை.